பக்கத்து வீட்டுச் சாட்சி

புருஷனும் பெண்சாதியும் ஒன்றாகத்தான் வாழ்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒரு தடவை அரசாங்கத்திடம் சாட்சி சொல்கிறவள் நான். சம்பளம் கிடையாது. பக்கத்து வீட்டில் பிறந்த பாவத்துக்கு வந்து சேர்ந்த உத்தியோகம். வீட்டின் முன்பக்கத்தில் சோப்பு, முட்டை, மீன்சாறு, பியர் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு பிழைப்பும் அதுதான், பேச்சுத்துணையும் அதுதான். கடையில் உட்கார்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் சுபின் வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். ஆகையால் சாட்சிக்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஊரில் இல்லை.

சுபினின் புருஷன் பெல்ஜியத்துக்காரன். துறைமுகத்தில் பாரம் தூக்கி இடுப்பு போனதால் சின்ன வயதிலேயே ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் யோரிஸ். அது எங்கள் வாயில் நுழையவில்லை. பெயரின் வாலை மட்டும் பிடித்தோம்; கடைசி 'ஸ்' எங்கள் நாக்கில் 'ட்' ஆகிவிடும், அதனால் ரிட் ஆக்கிவிட்டோம். சுபினைவிட இரண்டு வயது இளையவன். அதை வைத்துக் கல்யாணத்தன்று நாங்கள் பண்ணின கேலியில் அவள் அழுதேவிட்டாள். ஒன்பது ஆண்டுகளில் எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டான், வேகம்தான் கொஞ்சம் குறைவு.

தாய்லாந்துப் பெண்ணைக் கட்டியவன் என்பதுதான் இந்த மண்ணில் அவனுக்குப் பிடிமானம். அதைக் காட்டித்தான் ஒவ்வோர் ஆண்டும் இன்னோர் ஆண்டுக்கு விசா வாங்க வேண்டும். இரண்டு பேரும் நகரத்து அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டு எண் தெரிய வாசலில் நின்று ஒரு படம், கூடத்தில் ஒரு படம், கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம். பிறகு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு என்னை விசாரிப்பார். முதல் ஆண்டு கட்டில் படத்தை எடுத்தவள் நான். "இதெல்லாம் எதுக்குக்கா அவங்களுக்கு?" என்று சுபின் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடி, படமும் ஆடிப்போய்விட்டது. அதையே கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

இந்தத் தடவைதான் வம்பாகிவிட்டது. சுபின் வீட்டில் இல்லை.

அவள் யாரோடும் ஓடிவிடவில்லை. ஓடியிருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு ஆறியிருக்கலாம். மழைக்காலத்துக்கு முன்னால் அவள் அம்மா தவறிவிட்டாள். தீ வைக்கிற அன்று பேரன்கள் மொட்டை போட்டுக் காவி கட்டுவார்கள். செத்தவருக்குப் புண்ணியம் சேரும். இந்த வீட்டில் பேரன் இல்லை. அதனால் சுபினே தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, எட்டுச் சீலம் என்கிற எட்டு நோன்பு விதிகளை எடுத்து, வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போனாள். ஏழு நாளைக்கு என்றுதான் பேச்சு. எட்டாம் நாள் காலையில் அவளுடைய துணிமணியை மடித்து எடுத்துக்கொண்டு நானும் ரிட்டும் கூப்பிடப் போனோம். விகாரைச் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் வரல" என்றாள் என்னிடம். அவனைப் பார்க்கவில்லை. "இங்க எனக்கு நல்லாத் தூக்கம் வருது."

"தூக்கமா? ஏன், வீட்டுல யாராவது ராத்திரியெல்லாம் மேளம் அடிச்சாங்களாடி?"

"இல்லக்கா. இவர் மேல ஒரு குறையும் கிடையாது. குறை இருந்தா சொல்லிட்டே வந்திருப்பேன்ல."

அந்தப் பதில்தான் ரிட்டை உடைத்தது. குடிக்கிறான், கை நீட்டுகிறான் என்றால் திருந்திக் காட்டலாம். குறையில்லாத மனுஷன் எதைத் திருத்திக்கொள்வான்? மடித்த துணியை மடித்தபடியே திருப்பி எடுத்து வந்தான். வழியெல்லாம் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒட்டரிசிச் சோறும் ஏதாவது ஒரு குழம்பும் ஆக்கி விகாரைக்கு எடுத்துப்போக ஆரம்பித்தான். சீலம் எடுத்தவளின் கையில் எதையும் நேராகக் கொடுக்க மாட்டான். பாயில் வைப்பான். அவள் எடுத்துக்கொண்டு, வருகிறவர் எல்லாருக்கும் சொல்வது போலவே, "நல்லா இருங்க" என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்காக இடுப்பு வலியோடு சைக்கிள் மிதித்துப் போய்வருவான். பெண்டாட்டியை விகாரைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுச் சீர் சுமக்கிறான் என்று ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, பேசாம உன் ஊருக்குப் போயேன். இங்க யாருக்குக் காவல் இருக்கே?" என்று கேட்டேன்.

"அங்க யாரும் இல்லக்கா. அப்பா அம்மா போயாச்சு. அங்க போனா எனக்கு ஒரு ரூம், ஒரு ஜன்னல். இங்கன்னா காலைல அவளைப் பாக்கலாம்."

"பாத்து?"

"பாத்துட்டு வரலாம்."

இதற்கு மேல் ஒருவனை என்னவென்று திட்டுவது?

அறுவடை முடிந்து குளிர் தொடங்கியதும் விசா நாள் நெருங்கியது. கடைக்கு வந்து முட்டை வாங்கிவிட்டு, போகாமல் நின்றுகொண்டே இருந்தான். அவள் கையெழுத்துப் போடாவிட்டால், அதிகாரி வரும்போது வீட்டில் அவள் இல்லாவிட்டால், அவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும்.

"அம்பது வயசு ஆயிருந்தா பெண்டாட்டியே வேண்டாம். கிழவன்னு சொல்லி விசா குடுத்துடுவாங்க. சீக்கிரமாக் கிழவனாகித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றேன்.

"இன்னும் மூணு வருஷம் இருக்குக்கா" என்றான். நான் கேலி பண்ணினேன் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கே விகாரைக்குப் போய்த் தலைமைப் பிக்குவான பெரிய சாமி முன்னால் உட்கார்ந்தேன். அவர் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, சுபின் ஒரு நாளைக்குச் சீலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, மறுபடி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம். நான் என்ன இங்க பூட்டியா வச்சிருக்கேன்?" என்றார். "ஆனா எட்டைக் குடுத்தாலும் வீட்டுக்காரங்களுக்கு அஞ்சு உண்டு. பொய் சொல்லக் கூடாதுங்கறது அதுலயும் இருக்கு."

"பொய்யெல்லாம் என் பொறுப்பு சாமி. அவ வாயே திறக்க வேண்டாம்."

"அந்த அஞ்சு உனக்கும்தான்."

"தெரியும் சாமி. புத்தாண்டுக்கு வந்து மொத்தமாத் திரும்ப எடுத்துக்கறேன்."

அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சுபின் மறுப்புச் சொல்லவில்லை. "காலைல வந்துட்டு, சாயங்கால ஓதலுக்குத் திரும்பிடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

என் அண்ணன் மகள் பாட்டுக்கச்சேரிக் குழுவில் ஆடுகிறவள். அவளிடம் பொய்முடி ஒன்று இரவல் வாங்கினேன். மேடைக்கு உள்ளது, இடுப்பு வரை சுருள் சுருளாகத் தொங்கியது. கத்தரித்தால் அவள் என் கழுத்தைக் கத்தரித்துவிடுவாள். கொண்டையாகச் சுற்றி முடிந்தேன். புருவத்தை மையால் வரைந்தேன். முதல் தடவை ஒன்று மேலே ஏறிக்கொண்டது; ஏதோ கேட்டு ஆச்சரியப்படுகிறவள் மாதிரி இருந்தாள். அழித்து மறுபடி வரைந்தேன். ரிட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். தலைமுடியோடு அவளைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அழகா இருக்கே" என்றான்.

"கனமா இருக்கு" என்றாள் சுபின்.

மூன்று பேரும் நகரத்துக்குப் போனோம். அலுவலகத்தில் எல்லாம் சுமுகமாக நடந்தது. இளவயது அதிகாரி, மரியாதையான பையன். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாளைக்குக் காலைல உங்க ஊர்ப் பக்கம்தான் வர்றேன். அப்பவே வீட்டையும் பாத்துடறேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றான். மற்ற ஆண்டுகளில் வீடு பார்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கு இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. பையன் நல்லது செய்வதாக நினைத்து என் கணக்கைக் கவிழ்த்துவிட்டான்.

சுபின் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ரிட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த முகத்தில் இருந்தது விசா கிடைக்கிற சந்தோஷம் இல்லை. அவனுக்கு ஒரு ராத்திரி கிடைத்திருக்கிறது. வீட்டுக்குள் வந்து ஒரு ராத்திரி இருந்துவிட்டால் அவள் திரும்பிப் போக மாட்டாள் என்று நம்புகிறான். கடவுளே, இவனை யாராவது தடுக்க வேண்டுமே என்று நினைத்தேன். தடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குத் திரும்புகிற வழியில் சந்தையில் இறங்கினான். நொண்டிக்கொண்டே மீன்கடைக்கும் கீரைக்கடைக்கும் ஓடினான். "எட்டுச் சீலம் இல்லாட்டி சாயங்காலம் சாப்பிடலாம்தானேக்கா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். நண்பகலுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்ற தடை அன்றைக்கு அவளுக்குக் கிடையாது. "சாப்பிடலாம் தம்பி" என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் கரிப்புகை வேலியைத் தாண்டி வந்தது. மிளகாயும் கீரையும் இடித்துப் போட்டு, மீனை வாழையிலையில் பொதிந்து சுட்டுக்கொண்டிருந்தான். சுபினின் அம்மா செய்கிற மாதிரியே செய்தான். கிழவி பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. முற்றத்தில் பாய் விரித்தான். சோற்றுக்கூடையைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான். நான் கடையில் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பாட்டிலை எத்தனை தடவை துடைத்தேன் என்று கேட்காதீர்கள்.

சுபின் ஒரு பிடி சோறு எடுத்து உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கூடையின் ஓரத்தில் வைத்தாள்.

"பசிக்கலையா?" என்றான் ரிட்.

"பசிக்குது."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

"இன்னைக்குச் சாப்பிட்டா நாளைக்கும் இந்நேரத்துக்குப் பசிக்கும்."

"நாளைக்கும் சமைக்கறேன். தினமும் சமைக்கறேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இரு. இருந்துடு, சுபின்."

அவள் குரலில் கோபம் இல்லை.

"ரிட், நீங்க இங்க இருக்கணும்னு ஆசைப்படறீங்க. வருஷா வருஷம் வந்து இதைச் செஞ்சு குடுக்கறேன். ஒரு நாள் முழுக்க உங்களுக்குத்தான்."

"ஒரு நாள் போதாது."

"தெரியும். ஆனா என்கிட்ட அவ்வளவுதான் இருக்கு."

ரிட் மீனைப் பிரித்து முள் எடுக்க ஆரம்பித்தான். யாருக்காக எடுத்தான் என்று தெரியாது. எடுத்து எடுத்து இலையின் ஒரு பக்கத்தில் குவித்துக்கொண்டே இருந்தான். நான் கடையின் பலகைக் கதவை இழுத்து மூடினேன். எனக்கு அழுகை வந்தது. அடுத்த வீட்டுக்காக அழுகிற வயதா எனக்கு?

காலையில் புருவம் வரையப் போனேன். வீடு அடையாளமே தெரியவில்லை. சுபின் விடியும் முன்பே எழுந்து கூட்டி, துடைத்து, அவன் துணி முழுவதையும் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். குளிருக்கு என்று அலமாரியிலிருந்து கனத்த போர்வையை எடுத்து அவன் கட்டிலில் மடித்து வைத்திருந்தாள். செத்துப்போன அம்மாவின் அறையில் ஒரு பாய் சுருட்டிக் கிடந்தது. அவள் எங்கே படுத்தாள் என்று நான் கேட்கவில்லை. ரிட் சவரம் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பெண் பார்க்க வந்தவன் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

அதிகாரிப் பையன் சொன்ன நேரத்துக்கு வந்தான். வாசலில் படம், கூடத்தில் படம். கட்டிலுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்கக்கா. சண்டை போட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தான் பையன்.

ரிட் அசையவில்லை. சுபின்தான் நகர்ந்து வந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

"சார் கண்ணை மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

இன்னொன்றிலும் மூடியிருந்தான். அதற்கடுத்ததிலும் அப்படியே. "வெளிச்சம் கண்ணுல அடிக்குது, அவருக்கு ஒத்துக்காது" என்று நான் நடுவில் புகுந்தேன். நாலாவது படத்தில் கண் திறந்திருந்தது. அது எப்படி இருந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

"அக்கா இங்கதானே தூங்கறீங்க?" என்று பையன் சுபினிடம் கேட்டான்.

"ராத்திரி இங்கதான் தூங்கினேன்" என்றாள் சுபின்.

"சார் உங்களை நல்லாப் பாத்துக்கறாரா?"

"இவரை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது."

இரண்டிலும் பொய் இல்லை. பையன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, என்னைத் தனியாக விசாரிக்கக் கடைக்கு அழைத்துப் போனான். மிச்சப் பொய்யை எல்லாம் நான் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொன்னேன். எப்படி இருக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று வாய் ஓயாமல் கொட்டினேன். பாதியில்தான் கவனித்தேன், அதில் பல சண்டை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்தவை. "பக்கத்து வீட்டு மேல இவ்வளவு அக்கறையா பெரியம்மா!" என்று சொல்லிவிட்டுப் பையன் போனான்.

அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் சுபின் பொய்முடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். முகத்தைக் கழுவினாள், வரைந்த புருவம் தண்ணீரோடு போனது. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ரிட் வாசல்வரை வந்தான்.

"போர்வையை வெயில்ல ஒரு தடவை காயப்போட்டுட்டுப் போத்திக்கங்க" என்றாள் அவனிடம்.

"சரி" என்றான்.

வழியில் என் முதுகில் அவள் நெற்றி படுவதை உணர்ந்தேன். அழுகிறாளா என்று கேட்டேன். "இல்லக்கா, காத்து" என்றாள். நான் நம்பவில்லை. ஆனால் வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், நேரா போங்க" என்றாள். உச்சிக்கு முன்னால் பெரிய சாமி அவளுக்கு எட்டுச் சீலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் ரிட் நகரத்துக்குத் தனியாகப் போய்ப் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிவந்தான். நேராகக் கடைக்கு வந்து எனக்குக் காட்டினான். பிற்பகல் வெயில், தெருவில் நாய்கூட இல்லை.

"பெண்டாட்டிகூட இருக்கறதுக்கு ஒரு வருஷம் குடுத்திருக்காங்கக்கா" என்றான்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அந்த அதிகாரி எங்களைப் பத்திக் கேட்டாரே, என்னக்கா சொன்னீங்க?"

"என்னத்தையோ சொன்னேன். வாய்க்கு வந்தது."

"எனக்கும் சொல்லுங்க."

விளையாடுகிறானோ என்று பார்த்தேன். விளையாட்டு இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"காலைல நீதான் முதல்ல எழுந்திருப்பே. அரிசியை ஊறவச்சு நீதான் வேகவைப்பே. சரியா வேகலன்னு அவ திட்டுவா."

தலையாட்டினான்.

"சந்தை நாள்ல உன் சைக்கிள் பின்னாடி உக்காந்துக்குவா. மேட்டுல இறங்கவே மாட்டா. வெயில் காலம் வந்தா ராத்திரி மின்விசிறிக்குச் சண்டை. நீ உன் பக்கம் திருப்புவே, அவ அவ பக்கம் திருப்புவா."

"யாரு ஜெயிப்பா?"

அதை அதிகாரி கேட்கவில்லை. "அவதான்" என்றேன். "நீ தூங்கற மாதிரி நடிச்சு விட்டுக்குடுத்துடுவே."

ரிட்டின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

"அப்புறம்?" என்றான். "இந்த வருஷம் நாங்க என்ன செய்யறோம்க்கா?"